உள்ளி போட்ட ஏகாதசி

பாளையங்கோட்டைச் சபை ஒன்றின் ஒழுங்குப் புத்தகத்தில், 1912ஆம் வருஷத்துப் பக்கத்தில், சாய்வில்லாத அழகான கையெழுத்தில் இப்படி எழுதியிருக்கிறது:

“சாரம்மாள். காலஞ்சென்ற சுவிசேஷமுத்துவின் விதவை. வயது நாற்பது. எழுத்தறிவில்லாதவள். போர்டிங் சமையல். அக்கியான ஆசாரத்தில் மிகுந்த பற்றுள்ளவள். பட்சந்தோறும் ஏகாதசி விரதம் அனுசரித்து, அன்று முழுநாளும் அரிசியை விலக்கி, உப்பும் இனிப்புமாக ரவைப் பதார்த்தங்கள் படைத்து வந்தாள். விசாரிக்கப்பட்டு ஒப்புக்கொண்டாள். ஆறு மாதத்துக்கு இராப்போஜனத்திலிருந்து விலக்கப்பட்டாள்.”

(அக்கியானம் என்பது சபைப் பேச்சில் இந்து வழக்கம்; இராப்போஜனம் என்பது கோயிலில் அப்பமும் ரசமும் வாங்கும் நற்கருணை.) இதில் பெயர் சரி. விதவை என்பதும் போர்டிங் சமையல் என்பதும் சரி. வயது முப்பத்துநாலு. எழுத்தறிவைப் பொறுத்தவரை, அவள் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். அதுவும் இதே மிஷன் பள்ளிக்கூடத்தில். பற்று என்ற சொல்லைப் பற்றி என்ன சொல்வது? அந்த வருஷங்களில் சாரம்மாளுக்கு எதன்மீதாவது மிகுந்த பற்று இருந்தது என்று யாராவது நிரூபித்திருந்தால், அவளை அறிந்தவர்கள் சந்தோஷப்பட்டிருப்பார்கள். அது ஏகாதசியாகவே இருந்தாலும்கூட.

சுவிசேஷமுத்து மாட்டுவண்டியில் ஊர் ஊராகப் போய் வேதப் புத்தகம் விற்றவர். 1906 ஐப்பசியில், ஆறு பெருகிக் கிணறுகள் கலங்கிக் கிடந்த சமயம், பேதி வந்தது. வெள்ளிக்கிழமை அவர் போனார். திங்கட்கிழமை நாலு வயது மகள் போனாள். துக்கம் விசாரிக்க வந்த பெண்கள் சாரம்மாளைக் கட்டிக்கொண்டு அழத் தயாராக வந்தார்கள். அவள் அவர்களுக்கு உட்காரப் பாய் விரித்தாள். குடிக்கத் தண்ணீர் மொண்டு கொடுத்தாள். பிறகு பின்கட்டுக்குப் போய்ப் பாத்திரம் விளக்கினாள். அழ வந்தவர்களுக்கு வேலையில்லாமல் போய்விட்டது. கல்நெஞ்சு என்று சிலரும், விசுவாசத்தின் பலம் என்று சிலரும் பேசிக்கொண்டார்கள். இரண்டும் இல்லை. அன்று முதல் அவள் கையில் நெருப்புப் பட்டால், முதலில் பட்ட இடத்தைப் பார்ப்பாள். பார்த்த பிறகுதான் கையை எடுப்பாள். அவ்வளவுதான் நடந்திருந்தது.

நாங்குநேரிக்கு மேற்கே கொழுந்தன் வீட்டில் ஒன்றரை வருஷம் இருந்தாள். கொடுமைக்காரர்கள் என்று அவர்களைச் சொல்லிவிட முடியாது. அடித்ததில்லை, வைததும் அதிகமில்லை. ஆனால் அந்த வீட்டில் அவளுக்கென்று ஒரு தட்டு கிடையாது. எல்லாரும் சாப்பிட்டு முடித்தபின் எந்தத் தட்டு காலியாகிறதோ அதில் சாப்பிட்டாள். படுப்பது தொழுவத்தை ஒட்டிய கொட்டகையில், கதவு கிடையாது. மாட்டுக்கும் கிடையாது என்பதால் அதை ஒரு குறையாக யாரும் நினைக்கவில்லை.

1908இல் பெண்பிள்ளைகள் போர்டிங்கின் மேற்பார்வைக்காரி சாலோமி டீச்சர் அவளைச் சமையலுக்கு அழைத்துக்கொண்டாள். இருவரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். இங்கே சமையற்கட்டுக்குப் பின்னால் ஓர் அறை. அறை என்றால் பாய் விரித்தபின் பெட்டி வைக்க இடமிருக்கும். பெட்டியைத் திறக்க இடமிருக்காது. ஆனால் கதவு இருந்தது. கதவுக்கு உள்ளேயிருந்து போடுகிற தாழ்ப்பாளும் இருந்தது. சாரம்மாள் அந்தத் தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு படுப்பாள். எதைப்பற்றியும் ஒன்றும் தோன்றாத அவளுக்கு, அதைப் போடும்போது மட்டும் சரியாக இருக்கிறது என்று தோன்றும்.

போர்டிங்கில் எழுபத்திரண்டு பிள்ளைகள். காலை ஆகாரம் பழையதும் ஊறுகாயும். இரண்டு வருஷம் அப்படியே நடந்தது. 1910 மழைக்காலத்தில் பாதிப் பிள்ளைகள் வயிற்று வலியில் படுத்துக்கொள்ள, வந்து பார்த்த டாக்டர், இடையிடையே சூடாக ஏதாவது கொடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். சாலோமி டீச்சர் யோசித்து ரவை என்று முடிவு செய்தாள்.

அந்தக் காலத்தில் பாளையங்கோட்டைக் கிறிஸ்தவ வீடுகளில் கோதுமை என்பது நோயாளிக்கு உரியது. நீரிழிவுக்காரருக்கும் காய்ச்சல் விட்டவருக்கும்தான் கோதுமைக் கஞ்சி. முதல் நாள் தகரத் தட்டில் உப்புமாவைப் பார்த்ததும் ஒரு சின்னப் பிள்ளை, “யாருக்குக் காய்ச்சல்?” என்று கேட்டது. ஒரு பெண் தனக்குத்தான் ஏதோ வந்துவிட்டது, தன்னிடம் மறைக்கிறார்கள் என்று அழுதாள். அழுதுகொண்டே இரண்டாம் தரம் வாங்கிக்கொண்டாள்.

முதல் ரவை மார்க்கெட்டில் கண்ட கடையில் வாங்கியது. இரண்டாவது தடவை அதில் வண்டு இருந்தது. சலித்தும் போகவில்லை, ஒரு பிள்ளையின் தட்டில் கடுகோடு கடுகாகக் கிடந்தது. அதற்குப் பிறகுதான் சாரம்மாள் குற்றாலலிங்கத்தின் கடைக்குப் போனாள். குற்றாலலிங்கம் சொந்தமாகத் திரிகை போட்டு ரவை உடைப்பவர். மாதத்தில் இரண்டு தடவைதான் உடைப்பார். நாங்குநேரிப் பெருமாள் கோயிலைச் சுற்றியுள்ள வீடுகளிலும், திருநெல்வேலி டவுன் பக்கத்து அக்கிரகாரங்களிலும் ஏகாதசியன்று சோறு ஆகாது, ரவையில் பலகாரம்தான். ஆகவே நவமியன்று உடைத்து, தசமியன்று வண்டியேற்றி அனுப்புவார். மிஞ்சிய புது ரவை தசமி சாயங்காலம் கடையில் இருக்கும். மூன்று நாள் போனால் பழைய ரவை. ஒரு வாரம் போனால் வண்டு.

சாரம்மாளுக்கு நவமியும் தெரியாது, தசமியும் தெரியாது. கடைப் பையன் வந்து, ரவை வந்தாச்சு என்று வேலிக்கு வெளியே நின்று சொல்வான். அவள் பையை எடுத்துக்கொண்டு போவாள். மறுநாள் காலை உப்புமா.

உப்புமா என்று சொல்வது எளிது. எழுபத்திரண்டு பேருக்கு என்றால் நாலு படி ரவை. அதை முந்தின இரவே இரும்புச் சட்டியில், ஒவ்வொரு படியாக, மணம் வரும்வரை வறுத்து ஆறவைப்பாள். ஒரே தடவையில் போட்டால் மேலே இருப்பது பச்சையாக நிற்கும், கீழே இருப்பது கருகும். காலையில் பெரிய சருவத்தில் நல்லெண்ணெய் காய்ந்ததும் கடுகு, உளுந்து, இஞ்சி, பச்சைமிளகாய், கருவேப்பிலை, பிறகு அரைப்படிச் சின்ன உள்ளி, அதாவது சின்ன வெங்காயம். உள்ளி கண்ணாடி போல ஆகும்போது பன்னிரண்டு படித் தண்ணீர். அது தளதளவென்று கொதிக்கும்வரை சும்மா நிற்பாள். அந்த நாளில் அவள் சும்மா நிற்கும் நேரம் அது ஒன்றுதான். பிறகு இடது கையால் ரவையைத் தூறல் விழுகிற மாதிரி விடுவாள். வலது கையில் பனைமரத் துடுப்பு சுற்றிக்கொண்டேயிருக்கும். இடது கை அவசரப்பட்டால் கட்டி விழும். வலது கை சோம்பினாலும் கட்டி விழும். இரண்டு கையும் இரண்டு வேலை செய்ய, தலைக்கு ஒரு வேலையும் இல்லாத தொழில் இது. அவளுக்குப் பொருந்தியதற்கு அதுவும் காரணமாக இருக்கலாம்.

பதினாலு பேர் சின்னப் பிள்ளைகள். பச்சைமிளகாய் கடிபட்டு அழுதார்கள். அவர்களுக்கென்று முக்கால் படி ரவையை எடுத்து வைத்துக்கொண்டு, கருப்பட்டியை இடித்துக் கரைத்து, மண் போக வடிகட்டிக் கொதிக்கவைத்து, அதில் கிண்டி இறக்குவாள். ஏலக்காய் இருந்தால் இரண்டு. இந்த யோசனை அவளுக்கு எப்படி வந்தது என்று சாலோமி டீச்சர் ஒருநாள் கேட்டாள். “அழுதுச்சுவ. சத்தமா இருந்துச்சு” என்றாள் சாரம்மாள். அதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை என்பதுபோல.

இந்த உப்புமாவுக்கு வெளியிலிருந்து ஒரு விசிறி இருந்தார். சபையின் உபதேசியார் தேவசிகாமணி. படித்தவர், அதைவிட, எதிரியின் புத்தகத்தைப் படிக்க வேண்டும் என்ற கொள்கை உடையவர். ஆகையால் சபையிலேயே அவர் ஒருவரிடம்தான் பஞ்சாங்கம் இருந்தது. ஏகாதசி காலையில் குறுக்குத்துறைப் படித்துறையில் கூட்டம் கூடும். அங்கே போய் நின்று, விரதத்தின் வீண்தன்மை குறித்துப் பிரசங்கம் செய்வார். ஆற்றங்கரைக்கு நடக்க வேண்டும், தொண்டை கிழியப் பேச வேண்டும், சில நாளில் தண்ணீர் தெளித்து விரட்டுவார்கள். வெறும் வயிற்றோடு ஆகிற காரியமா? போகிற வழியில் போர்டிங்கில் காலை ஜெபம் நடத்திவிட்டு, சமையற்கட்டு வாசலில் ஒரு முக்காலி போட்டு உட்காருவார்.

“சாரம்மா, இன்னும் ரெண்டு கரண்டி போடு. அங்கன ஒருத்தனும் ஒரு வாய் தண்ணி தரமாட்டான்.”

அவள் போடுவாள்.

“என்னா சனங்கங்கிறே. சோறு தொடமாட்டானுவ. உள்ளி, பூண்டு வீட்டுக்குள்ளயே சேக்கமாட்டானுவ. நாள் பூரா பெருமாளேங்கான். மறுநாள் கடையில உக்காந்து பொய்க்கணக்கு எழுதுதான். அந்த இனிப்பு மிச்சம் இருக்கா?”

இருக்கும். அதையும் போடுவாள்.

இப்படி விரதத்தைக் கண்டிக்கப் புறப்படும் ஒவ்வொரு தடவையும் அவர் ரவையைச் சாப்பிட்டுவிட்டே புறப்பட்டார். ஏறக்குறைய முப்பது ஏகாதசி அப்படிப் போயிற்று. 1912 மாசியில் ஒரு காலை, இரண்டாம் தட்டு பாதியில் இருக்கும்போது அவர் கை நின்றது.

“சாரம்மா, இன்னைக்கு என்ன நாள்?”

“செவ்வாக்கிழமை.”

“அது தெரியும். என்ன திதி?”

“தெரியாதுய்யா.”

“போன தடவ உப்புமா என்னைக்கு?”

“ரவை வந்த மறுநாளு.”

அவர் மடியிலிருந்து பஞ்சாங்கத்தை எடுத்துப் புரட்டினார். ஒரு பக்கம் புரட்டுவார், தட்டைப் பார்ப்பார். இன்னொரு பக்கம் புரட்டுவார், இனிப்பைப் பார்ப்பார். பிறகு எழுந்து கை கழுவினார். தட்டைக் காலி செய்துவிட்டுத்தான் கழுவினார் என்பதையும் சொல்ல வேண்டும்.

“நாள் தப்பல, ஒண்ணுகூடத் தப்பல” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கண்டுபிடித்தவர்களின் குரலில் வரும் ஒரு நடுக்கம் இருந்தது.

அந்த மாத அறிக்கையில் அவர் எழுதியதாவது: ஆற்றங்கரையில் தேடிய அக்கியானம் நம் சபையின் அடுப்படியிலேயே ஒளிந்திருந்தது. அறிக்கை மேலிடத்துக்குப் போனது. உபதேசியார்களின் மாத அறிக்கைகள் பெரும்பாலும், இன்ன ஊரில் இத்தனை பேர் கேட்டார்கள், ஒருவரும் மனந்திரும்பவில்லை என்ற அளவில் முடியும். இந்த அறிக்கைக்கு மாத்திரம் பதில் வந்தது. விசாரிக்கவும் என்று.

விஷயம் மார்க்கெட்டுக்கும் போய்விட்டது. அடுத்த தடவை சாரம்மாள் கடைக்குப் போனபோது குற்றாலலிங்கம் தராசை வைத்துவிட்டுச் சிரித்தார்.

“என்ன தாயி, நீ எங்க ஆளாயிட்டேன்னு சொல்லிக்கிடுதாங்க. சொல்லவே இல்லையே.”

“ரவை நாலேமுக்கால் படி, அண்ணாச்சி.”

“தாரேன், தாரேன். உப்புமாவுக்கு என்ன போடுதே?”

“கடுகு, உளுந்து, இஞ்சி, உள்ளி.”

“உள்ளியா? உள்ளி போட்டு எவன் ஏகாதசி இருப்பான்? எங்க வீட்டுல அந்த மாதிரி ஒருத்தி கிண்டிக் கொண்டு வச்சா, எங்கம்மா சட்டியோட தூக்கித் தெருவுல எறிஞ்சிருவா. போயி சொல்லு தாயி உங்க பாதிரி ஐயர்ட்ட. இது ஏகாதசியா இருந்தா அந்தப் பெருமாளுக்கே அடுக்காதுன்னு நான் சொன்னேன்னு சொல்லு. வேணும்னா நானே வந்து சொல்லுதேன்.”

அவள் ரவையைக் கையில் அள்ளி, விரலிடுக்கில் விட்டுப் பார்த்தாள். வண்டு இல்லை. பையில் கொட்டச் சொன்னாள். இதைச் சாலோமி டீச்சரிடம் சொல்ல வேண்டும் என்று வழியில் நினைத்து, போனதும் சொன்னாள். சொன்ன விதத்தைப் பார்த்தால் யாருக்கோ நடக்கிற வழக்கு போல இருந்தது.

“ஏட்டி, இது வெளையாட்டில்ல” என்றாள் டீச்சர். “சபை வெலக்குச்சுன்னா போர்டிங்ல வச்சுக்கிட மாட்டாங்க. கொழுந்தன் வீட்டுக்குத்தான் போகணும். தெரியுதா?”

சாரம்மாளுக்குத் தெரிந்தது. அன்று படுக்கும்போது தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு, கொஞ்ச நேரம் அதன்மேல் கையை வைத்துக்கொண்டு நின்றாள். இரும்பு குளிர்ந்திருந்தது. பயம் வருமோ என்று பார்த்தாள். வரவில்லை. ஆனால் கையை எடுக்கவும் இல்லை.

விசாரணை சபைக் கோயிலின் பக்கத்து அறையில், ஒரு சனிக்கிழமை சாயங்காலம். சபைக் குருவானவர் சத்தியநேசன் ஐயர் நடுவில். (எங்கள் பக்கத்தில் பாதிரியாரையும் ஐயர் என்பதுதான் வழக்கம்.) நல்ல மனிதர், யாரையும் புண்படுத்த விரும்பாதவர், அதனால் யார் கடைசியாகப் பேசினார்களோ அவர்கள் பக்கம் சாய்பவர். வலப்பக்கம் கமிட்டி மெம்பர், பென்ஷன் வாங்கும் சாலமோன் பிள்ளை. இடப்பக்கம் எழுதுவதற்குத் தேவசிகாமணி. குற்றம் சாட்டியவரே குறிப்பும் எழுதுகிறாரே என்று சாலோமி டீச்சர் கேட்டாள். கையெழுத்து அவருடையதுதான் அழகு என்று பதில் வந்தது.

“சாரம்மா, ஏகாதசி இருக்கியாமே” என்றார் ஐயர், உடம்புக்கு எப்படி இருக்கிறது என்று கேட்கிற குரலில்.

“அது என்னைக்கு வரும்னு எனக்குத் தெரியாதுய்யா.”

“தெரியாமத்தான் நாள் தப்பாம வருதா?” என்றார் உபதேசியார்.

“ரவை அப்பத்தான் வருது.”

“ஏன் அப்பத்தான் வருது?”

“கடை அண்ணாச்சி அப்பத்தான் ஒடைக்காவ.”

“ஏன் அப்ப ஒடைக்காரு?”

“ஏகாதசிக்கு.”

உபதேசியார் பேனாவைக் கீழே வைத்தார். “பாத்தீங்களா ஐயரவர்களே. அவ வாயாலயே வருது.”

ஐயர் வருத்தத்தோடு தலையசைத்தார். “அன்னைக்கு நீ சோறு சாப்பிடுதது உண்டா?”

“இல்லய்யா.”

“வேற?”

“உப்புமா மிஞ்சும். அடியில பிடிச்சதும் இருக்கும். அதைச் சாப்பிடுவேன்.”

“ராத்திரிக்கு?”

“அப்பயும் மிஞ்சியிருந்தா அதுதான்.”

எழுதப்பட்டது: முழுநாளும் அரிசியை விலக்கினாள்.

சாலமோன் பிள்ளை முதன்முறையாக வாய் திறந்தார். “அதை வேற யாரெல்லாம் சாப்பிட்டது?”

“எழுவத்திரெண்டு பிள்ளைய. டீச்சரம்மா. உபதேசியாரய்யா. அவிய மூணு தரம் வாங்குவாவ.”

சாலமோன் பிள்ளை இருமினார். இருமல் கொஞ்சம் நீளமாக வந்தது. சாரம்மாள் யாரையும் குத்திக் காட்டவில்லை. கேட்டார்கள், சொன்னாள்.

உபதேசியாருக்குக் காது சிவந்தது. ஆனால் தர்க்கம் படித்தவர். “சாப்பிடுதது குத்தமில்ல ஐயரவர்களே. வேதத்துலயே இருக்கு. எந்த மனசோட ஆக்குதோம்ங்கிறதுதான் கேள்வி. சாரம்மா, ஒளிக்காமச் சொல்லு. கிண்டும்போது மனசுல என்ன நினைப்பே?”

அவள் உண்மையாகவே யோசித்தாள். இதுவரை அவளை யாரும் இதைக் கேட்டதில்லை.

“கட்டி விழக்கூடாதுன்னு நினைப்பேன்.”

“வேற?”

“அடிப்பிடிக்கக்கூடாதுன்னு.”

“கடவுள நினைக்கிறதில்லையா?”

ஆம் என்றால் எந்தக் கடவுள் என்று கேட்பார்கள். இல்லை என்றால் அது வேறு குற்றம். இந்தக் கணக்கெல்லாம் போடக்கூடியவள் அல்ல அவள். “இல்லய்யா” என்றாள். அதையும் எழுதிக்கொண்டார்கள்.

சாலோமி டீச்சர் எழுந்தாள். “ஐயா, அவ அரைப்படி உள்ளி போட்டுத் தாளிக்கா. விரதக்காரங்க உள்ளியத் தொடவே மாட்டாங்களாம். இதுல விரதம் எங்க இருக்கு?”

“உனக்கு எப்படிம்மா தெரியும்?”

“ரவைக் கடை குற்றாலலிங்கம் அண்ணாச்சி சொன்னாவ. வந்து சொல்லவும் தயாரா இருக்காவ.”

ஐயர் முகம் சங்கடப்பட்டது. “ஒரு அக்கியானி வந்து சாட்சி சொல்லி, இவ அக்கியானி இல்லன்னு நாம எழுத முடியுமா? நாளைக்கு மேலிடத்துல கேட்டா என்ன சொல்லுவேன்?” பிறகு நியாயமாக நடக்க வேண்டும் என்ற எண்ணத்தில் திரும்பினார். “நம்ம தேவசிகாமணிதான் அவங்க சாஸ்திரமெல்லாம் கரைச்சுக் குடிச்சவரு. நீரு சொல்லும். ஏகாதசிக்கு உள்ளி உண்டா, இல்லையா?”

தேவசிகாமணி தன் பேனாவின் முள்ளைப் பார்த்தார். அதில் மயிரிழை ஒன்று சிக்கியிருந்தது போலும், அதை எடுத்தார். அறிக்கை மேலிடத்துக்குப் போயிருந்தது. பதில் வந்திருந்தது. அந்தப் பதிலில் அவருடைய விழிப்பைப் பற்றி ஒரு வரி இருந்தது.

“எடத்துக்கு எடம் வித்தியாசப்படும் ஐயரவர்களே” என்றார்.

சாரம்மாள் அவரைப் பார்த்தாள். உள்ளி, பூண்டு வீட்டுக்குள்ளேயே சேர்க்கமாட்டார்கள் என்று முக்காலியில் உட்கார்ந்து அவர் சொன்னது அவளுக்கு ஞாபகம் இருந்தது. சொன்னபோது கையில் இருந்த தட்டும், தட்டில் இருந்த உள்ளியும்கூட ஞாபகம் இருந்தன. சொல்லலாம் என்று தோன்றியது. தோன்றியதோடு நின்றுவிட்டது. அவளிடம் எல்லாம் அப்படித்தான் வரும். வாசல்வரை வந்து, உள்ளே ஆள் இல்லை என்று திரும்பிவிடும்.

எழுதிவைத்திருந்த காகிதத்தை ஐயர் அவள் பக்கம் நகர்த்தினார். அறியாமையினால் ஏகாதசி அனுசரித்தேன், மனம் வருந்துகிறேன், இனிச் செய்யேன் என்று இருந்தது. கீழே, இடதுகைப் பெருவிரல் ரேகை என்று எழுதி, ஒரு கட்டம் போட்டிருந்தது. அவள் காகிதத்தை முதலிலிருந்து கடைசிவரை வாசித்தாள். அவள் வாசிப்பதை மூன்று ஆண்களும் பார்த்தார்கள். கட்டத்தைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

“இதுல வச்சா நாளைக்கு அடுப்புப் பத்த வைக்கலாமா ஐயா?”

“தாராளமா. ஆறு மாசம் இராப்போஜனத்துக்கு மட்டும் வரக்கூடாது.”

“வைக்கலேன்னா?”

ஐயர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அப்ப போர்டிங்ல எப்படிம்மா இருக்கமுடியும்? கொழுந்தன் வீடு இருக்குல்லா, நாங்குநேரி பக்கம்.”

“வைக்காத” என்றாள் சாலோமி டீச்சர், பின்னாலிருந்து. “சாரம்மா, செய்யாததுக்கு வைக்காத.”

மைக்கூட்டுக்குப் பக்கத்தில் துணியில் மை நனைத்து வைத்திருந்தார்கள். சாரம்மாள் பெருவிரலை அதில் ஒற்றி, கட்டத்துக்குள் கோணாமல் வைத்தாள். விரலைப் புடவையில் துடைக்கப் போனவள், கறை போகாது என்று நினைத்து நிறுத்திக்கொண்டாள்.

வெளியே வந்ததும் டீச்சர் அவள் கையைப் பிடித்தாள். “ஏண்டி ஒத்துக்கிட்டே? ஒரு வார்த்தை எதுத்துச் சொல்லியிருக்கலாமே.”

“நாளைப் பழையதுக்கு இன்னும் வடிக்கல டீச்சரம்மா” என்றாள் சாரம்மாள். “நேரமாச்சு.”

தண்டனையோடு ஓர் உத்தரவும் வந்தது. இனி ஏகாதசியன்று போர்டிங்கில் ரவை அடுப்பேறக்கூடாது. நல்ல உத்தரவுதான், ஆனால் ஏகாதசியைத் தவிர்க்க வேண்டுமானால் ஏகாதசி என்றைக்கு என்று தெரிய வேண்டும். அதுவரை தெரியாமல் இருந்த சாரம்மாள் இப்போது தெரிந்துகொள்ள வேண்டியதாயிற்று. தேவசிகாமணி ஆறு மாதத்துக்கான ஏகாதசிகளைத் தம் அழகான கையெழுத்தில் வரிசையாக எழுதி, சமையற்கட்டுச் சுவரில் ஆணியடித்துத் தொங்கவிட்டார். பாளையங்கோட்டையில் ஏகாதசி அட்டவணை தொங்கிய கிறிஸ்தவ அடுப்படி வேறு இருந்ததாகத் தெரியவில்லை. பிள்ளைகளும் மனப்பாடம் செய்துகொண்டார்கள். மறுநாள் உப்புமா என்பதால்.

சாரம்மாள் ரவையைத் தசமியில் வாங்கி, அன்றிரவே வறுத்து, ஒருநாள் மூடிவைத்து, துவாதசியில் கிண்டினாள். வறுத்த ரவை ஒருநாள் கூடுதலாக இருந்தால் கெட்டுப்போவதில்லை. ஏகாதசி காலையில் உபதேசியாருக்குப் பழையது கிடைத்தது. மூன்று மாதம் பொறுத்தார். நாலாவது மாதம் ஒருநாள், முக்காலியில் உட்கார்ந்தபடி, யாரிடமும் சொல்லாத மாதிரி, “சூடா ஒண்ணும் இல்லையோ” என்றார்.

“நாளைக்குய்யா” என்றாள் அவள். ஊறுகாய் வைத்தாள்.

மறுநாள் அவருக்கு ஆற்றங்கரையில் வேலை இல்லை. ஆனாலும் வந்தார். அவள் மூன்று தரம் போட்டாள்.

ஆறு மாதமும் அவள் கோயிலுக்குப் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்தாள்; மற்றவர்கள் இராப்போஜனத்துக்கு எழுந்து போகும்போது அவர்கள் பாயைப் பார்த்துக்கொண்டாள். ஏழாம் மாதம் அவளும் எழுந்து போய் வாங்கிக்கொண்டு, திரும்பி வந்து அதே இடத்தில் உட்கார்ந்தாள். எப்படி இருந்தது என்று பக்கத்தில் இருந்தவள் கேட்டாள். “இருந்துச்சு” என்றாள்.

சத்தியநேசன் ஐயர் மாற்றலாகிப் போனார். அடுத்து வந்தவரிடம் சாலோமி டீச்சர் ஒழுங்குப் புத்தகத்தை எடுத்துக் காட்டி, இந்தப் பக்கத்தைத் திருத்த வேண்டும் என்றாள். அவர் இரண்டு தடவை வாசித்துவிட்டு, ‘ஒப்புக்கொண்டாள்’ என்ற சொல்லின்மேல் விரலை வைத்து, இதற்கு என்ன செய்ய என்று கேட்டார். பக்கம் அப்படியே இருக்கிறது.

1919இல், விஷக்காய்ச்சல் ஊரைச் சுற்றிவந்த இரண்டாம் தடவை, சாரம்மாளும் படுத்தாள். நாலாம் நாள் போனாள். கதவை உடைக்க வேண்டியிருந்தது என்று சொல்வார்கள்.

அவள் ஏகாதசி விரதம் இருந்ததில்லை. வேறு எந்த விரதமும் இருந்ததில்லை. ஒன்பது வருஷம், மாதத்தில் இரண்டு தடவை, வண்டு இல்லாத ரவையைப் பார்த்து வாங்கி, வறுத்து, உள்ளியும் இஞ்சியும் போட்டுக் கிண்டி, சின்னப் பிள்ளைகளுக்குத் தனியாகக் கருப்பட்டி போட்டுக் கிண்டி, எழுபத்திரண்டு பேருக்குக் காலையில் சூடாகச் சாப்பாடு போட்டாள்.